மதிலுக்கு விசா

“…எனக்குப் பதினொரு வருஷம் இழுத்தடிச்சவங்கள், உந்த மதிலுக்கு மூண்டு கிழமையில விசா குடுத்திட்டாங்கள்!”

நான் குசினிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனபோது அக்கா சொல்லிக்கொண்டிருந்தது இதுதான். மேசையில் உள்ளூர்க் கவுன்சிலின் கடிதம் விரிந்து கிடந்தது. கடிதம் சுருண்டு போகாமலிருக்க அதன் தலையில் ஒரு மாம்பழத்தை வைத்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் அண்ணை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வாசித்ததையே திரும்பவும் வாசித்துக்கொண்டிருந்தார். எதிரே கட்டட வேலைத் தம்பி. தம்பி என்றால் நாற்பத்தைந்து வயது. லண்டனில் பிளேஸ்டோவிலிருந்து ஈஸ்ட் ஹாம் வரைக்கும் தமிழர் வீடுகளின் பின்பக்கத்தை நீட்டிக் கொடுப்பதுதான் அவருடைய தொழில்.

அக்காவும் அண்ணையும் எனக்கு இரத்த உறவில்லை. அடுத்த வீடு. எங்கள் வீட்டுச் சுவரும் அவர்கள் வீட்டுச் சுவரும் ஒன்றுதான். அவர்கள் பக்கம் தாளிதம் செய்தால் என் பக்கம் தும்மல் வரும். இருபத்திரண்டு வருடமாக அப்படி.

“இடிக்கக்கூடாதாம்,” என்று அண்ணை கடிதத்தைத் தட்டினார். “பழைய மதிலாம். இந்தப் பகுதியின்ர சரித்திரமாம். அப்பிடியே வச்சிருக்க வேணுமாம்.”

“வச்சிருக்கட்டும். வருத்தம் வந்தாப் பெனிபிட் காசும் குடுக்கட்டும்.”

“அக்கா, மதிலை இடிக்காட்டி அறைக்கு இடமில்லை,” என்றார் தம்பி. “வரைபடத்தைப் பாருங்கோ. அறையின்ர அத்திவாரம் வாறதே மதிலுக்கு மேலதான்.”

“அப்ப அறை?”

தம்பி வரைபடத்தைப் பார்த்தார். அண்ணை கடிதத்தைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் மாம்பழத்தைப் பார்த்தேன்.

விசாக் கதைக்கு எல்லாரையும் போல நானும் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. அந்த மதிலுக்கு விசா எடுத்துக் கொடுத்தது நான்தான்.

அதைச் சொல்வதற்கு முன் அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. ஒன்றுக்கு ஒப்பரேஷன் செய்து பார்த்தார்கள். மற்றதற்குச் செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எது கூட நோகிறது என்று கேட்டால், “ரெண்டும் போட்டி போடுது, நான் நடுவில நிண்டு தீர்ப்புச் சொல்லமாட்டன்” என்பார். எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு. கீழே முன்னறை, குசினி. மேலே படுக்கை, குளியலறை, கழிப்பறை. நடுவில் பதின்மூன்று படிகள். இரவில் அக்கா பக்கவாட்டாக, நண்டு மாதிரி ஏறுவார். காலையில் ஒவ்வொரு படியாக இருந்து இருந்து இறங்குவார். இறங்கினால் பிறகு முழு நாளும் கீழேதான்.

ஒரு நாளைக்கு ஆறு தேநீர் குடித்த மனுஷி. இப்போது காலையில் ஒன்று மட்டும். அதுவும் அரைக் கோப்பை. நான் ஊற்றப் போனால் கையால் கோப்பையை மூடுவார். “வேண்டாம் பிள்ளை. குடிச்சா ஏறவேணும்.”

நான் மனிதர்கள் சொல்வதைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்கிறவள். அக்காவின் வாயிலிருந்து வந்தவை மட்டும் ஒரு சாக்கு நிறையச் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் யாருக்காவது திருப்பிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் நான் யாருக்கும் சொன்னதில்லை.

மகன் லண்டனுக்கு வெளியே, மில்டன் கீன்ஸில் இருக்கிறார். நல்ல பிள்ளை. வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறார். “இஞ்ச எல்லாம் கீழயே இருக்கு அம்மா” என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார். அக்காவின் பதிலும் ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றுதான். “உங்க கீழ எல்லாம் இருக்கு, மோனை. வெளியில ஒண்டும் இல்லை.” இங்கே பஸ் தரிப்பு மூன்றாவது வீட்டடியில். மரக்கறிக் கடைக்காரர் அக்காவைக் கண்டால் பயிற்றங்காயை முறித்துக் காட்டித்தான் கொடுப்பார். பக்கத்தில் நான். குசினிக்குப் பின்னால் ஓர் அறையும் ஒரு கழிப்பறையும் வந்தால் அக்கா பிளேஸ்டோவில் இருப்பார். வராவிட்டால் மில்டன் கீன்ஸ். கணக்கு அவ்வளவுதான்.

இனி மதில். பின்வளவின் இரண்டு பக்கம் மரப்பலகை வேலி. மூன்றாவது பக்கம், ஒடுங்கிய சந்தின் ஓரமாக, இந்த மதில். என் நெஞ்சளவு உயரம். நான் அறிந்த காலம் முழுக்க அது வெள்ளையும் சிவப்புமாகச் செங்குத்தாகக் கோடு அடித்த சீமெந்துச் சுவர். அவர்களுடைய மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு வைத்த வருடம் அண்ணை தன் கையாலேயே பூசி, தன் கையாலேயே கோடு அடித்தது. பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்து வந்து, நித்திரையும் கொள்ளாமல், இரண்டு கிழமை. சடங்குக்கு வந்தவர்கள் “என்ன, கோயில் வீதிக்குள்ள வந்த மாதிரிக் கிடக்கு” என்றார்கள். முன்வீட்டு ஆங்கிலேயர் ஒருவர் வந்து, இது எந்தக் காற்பந்து அணியின் நிறம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

இந்த மாரி முழுக்க மழை. பெப்ரவரியில் ஒரு காலை நான் துணி காயப்போட முடியுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் அந்தப் பக்கம் தொம்மென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். மதிலிலிருந்து ஒரு கதவு அகலத்துக்குச் சீமெந்து பாளம் பாளமாக விழுந்து கிடந்தது.

உள்ளே கல். சாம்பல் நிறக் கற்கள், ஒன்றைப் போல ஒன்று இல்லை. அவற்றுக்கு நடுவே உடைந்த கண்ணாடி போல மினுங்கும் கறுப்புக் கற்கள். இடைக்கிடை, பாண் துண்டு மாதிரி மெல்லிய செங்கற்கள். ஒரு கல்லில் மட்டும் யாரோ உளியால் வளைத்துச் செதுக்கிய பள்ளம் இருந்தது, பழைய தேவாலய யன்னலின் விளிம்பில் இருக்குமே, அப்படி. இருபத்திரண்டு வருடம் இதற்குப் பக்கத்தில் நின்று துணி காயப்போட்டிருக்கிறேன். கைத்தொலைபேசியை எடுத்து நாலு படம் பிடித்தேன்.

அண்ணை வெளியே ஓடி வந்தார்.

“அண்ணை, இவ்வளவு வடிவான கல்லை உள்ளுக்கு வச்சுக்கொண்டோ பூசினனீங்கள்?”

“வடிவோ? பழைய குப்பை, தங்கச்சி,” என்றவர், விழுந்ததைக்கூட அள்ளாமல், முதல் வேலையாக ஒரு நீலத் தரப்பாளைக் கொண்டுவந்து கல்லை மூடிக் கட்டினார்.

நான் பாடசாலைச் சமையலறையில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் நூலகத்தில் கூடும் ஒரு கூட்டத்தோடு நடக்கப் போவேன். பழைய மதில், பழைய தண்ணீர்த் தொட்டி, முன்பு ஆறு ஓடிய இடம் என்று தேடித் தேடிப் பார்க்கிறவர்கள். நான் ஒருத்திதான் தமிழ். முதலில் போனது கால் நடக்க. பிறகு போனது அவர்களுடைய கதைக்காக. அங்கே தலை முழுக்க நரைத்த ஒருவர் இருக்கிறார். எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும் வயது சொல்வார். நூறு வருடத்துக்கு உட்பட்டதென்றால், “இது இன்னும் பால்குடி” என்று தாண்டிப் போய்விடுவார். அவருக்கு இந்தப் படங்களைக் காட்டினேன். மனுஷன் ஒரு கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியைப் போட்டார். எங்கே என்று கேட்டார்.

சொன்னேன். தெருவும் சொன்னேன், இலக்கமும் சொன்னேன். அவர் கேளாமலே, சந்தின் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நல்லாகத் தெரியும் என்றும் சொன்னேன்.

அறைக்கு விண்ணப்பம் போட்டிருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. படிவத்தை நிரப்ப உதவியதே நான். ஆனால் அந்த மதிலும் இந்த அறையும் ஒரே நிலத்தில்தான் நிற்கின்றன என்பது, சத்தியமாக, அந்த நேரம் என் மூளைக்கு வரவில்லை. என் வாய்க்கு யாரும் கதவு போடவில்லை. அவ்வளவுதான்.

அன்று கடிதத்தைப் பார்த்த பிறகு மூன்று நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். “என்ன பிள்ளை, காய்ச்சலோ? இல்லாட்டி மதில் மாதிரி நீயும் சரித்திரமாகிப் போனியோ?”

போனேன். முன்னறையில் மடியில் பேப்பரை விரித்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அண்ணை கடைக்குப் போயிருந்தார்.

“அக்கா, உங்களுக்கு ஒரு கதை சொல்லவேணும்.”

“சொல்லன். நீ எப்ப கேட்டுப்போட்டுச் சொன்னனீ?”

“அந்த மதில்… கவுன்சிலுக்குப் போனது என்னாலதான்.”

கத்தி நின்றது.

“நீயோ?”

“படம் காட்டினனான். அவையள் எழுதிப் போட்டினம். இப்பிடி வந்து முடியுமெண்டு எனக்குத் தெரியாது அக்கா.”

அக்கா இரண்டு வெங்காயம் உரித்தார். மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்:

“இவர் மதிலை விட்டிட்டு உன்ர வாயைப் பூசியிருக்க வேணும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுததில் பாதி வெங்காயத்தால் என்று வைத்துக்கொள்ளலாம்.

“அழாத. அழுதா அறை வருமே? மூக்கைத் துடை, வெங்காயத்துக்குள்ள விழப்போகுது. உன்ர ஆக்கள் எண்டு சொல்லித் திரியிறியே, அவையளிட்டச் சொல்லு, கடிதம் எழுதின ஆளை இஞ்ச கூட்டிக்கொண்டு வரச்சொல்லி. கடிதத்தோட கதைக்க ஏலாது. ஆள் வந்தாக் கதைக்கலாம்.”

பதினொரு வருடம் விசாவுக்காகக் கடிதங்களுக்குப் பதில் எழுதியே நரைத்த மனுஷி. நான் மறுபேச்சுப் பேசவில்லை.

“அண்ணைக்கு நானே சொல்லட்டோ?”

“வேண்டாம். நான் சொல்லுறன். அவருக்கு அந்த மதிலெண்டால் ஒரு மாதிரி. ஏனெண்டு எனக்கும் தெரியேல்லை.”

அடுத்த கிழமை நரைத்த தலைக்காரர் கவுன்சில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல உயரம், சேறு பிடித்த சப்பாத்து. ஸ்கொட்லாந்தில் ஒரு சின்ன ஊர்க்காரி என்று அவர் கதைக்கத் தொடங்கியவுடனே தெரிந்தது. ஆங்கிலத்தை அரிசி புடைக்கிற மாதிரிக் கதைத்தார். அக்கா காலையிலிருந்து மீன் ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தார். குசினி வாசலில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்துகொண்டு, வந்த இருவருக்கும் பெரிய கோப்பையில் தேநீர் கொடுக்கச் சொன்னார். அக்காவுக்கு ஆங்கிலம் விளங்கும். ஆனால் முக்கியமான கதையை ஆங்கிலத்தில் கதைத்தால் தனக்குத்தான் நட்டம் என்பார். ஆகவே நான் மொழிபெயர்ப்பாளர். வரைபடத்தோடு தம்பியும் வந்து நின்றார்.

அந்தப் பெண் தரப்பாளை அவிழ்த்தார். கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு சொன்னார். இந்த நிலத்தில் கல்லே கிடையாது. தோண்டினால் களிமண்ணும் சரளையும்தான். இதில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் வேறெங்கோ இருந்து வந்தது. சாம்பல் கற்கள் கென்ற் பக்கத்திலிருந்து படகில், ஆற்று வழியாக வந்திருக்கும். செதுக்கின கல் இடிபட்ட ஏதோ பெரிய கட்டடத்தினுடையது. இந்தத் தெருவெல்லாம் தோட்டமாக இருந்த காலத்தில் யாரோ ஒருவர், கிடைத்ததைப் பொறுக்கிக் கொண்டுவந்து தன் தோட்டத்துக்கு மதில் வைத்திருக்கிறார். எத்தனை வருடம் என்று நரைத்த தலைக்காரர் கேட்டார். சரியாகத் தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்தது.

நான் தமிழில் சொன்னேன்.

“படகிலயோ வந்தது?” என்றார் அக்கா.

“ஓம் அக்கா.”

“நாடு விட்டு நாடு வந்ததும் இல்லை, ஆனாப் படகில வந்திருக்கு. அப்ப எங்கட ஆள்தான். அதுதான் விசா குடுத்திருக்கினம்.”

தம்பிக்கு ரோல்ஸ் புரையேறியது. என்ன பகிடி என்று அந்தப் பெண் கேட்டார். சொன்னேன். அவரும் சிரித்துவிட்டு, விசா என்றில்லை, இப்போதைக்குத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்ற அளவுதான் என்றார். அதைத் தமிழில் சொன்னதும் அக்கா, “அதுவும் எனக்குத் தெரிஞ்ச கடிதம்தான்” என்றார். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. குசினிக்குள் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார்.

“பிள்ளை, அவவுக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்து.”

ஊற்றினேன். அது இரண்டாவது பெரிய கோப்பை. பின்வளவில் குளிர் காற்று. பத்து நிமிடம் போயிருக்காது, அந்தப் பெண் கொஞ்சம் கூச்சத்தோடு கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

“மேல,” என்றார் அக்கா, ஆங்கிலத்தில். “பதின்மூன்று படி. மன்னிக்க வேணும், நான் கூட வர மாட்டன்.”

இரண்டாவது கோப்பை எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பெண் ஏறிப் போய் இறங்கி வந்தார். எங்கள் தெரு வீடுகளின் படிகள் நெட்டுக்குத்தானவை, ஒரு கால் வைத்தால் மற்றக் கால் வைக்க இடம் தேட வேண்டும். கீழே வந்து, கதிரையில் இருந்த அக்காவின் முழங்கால்களைப் பார்த்தார். அக்கா ரோல்ஸ் தட்டை நீட்டினார்.

பிறகு அந்தப் பெண் தம்பியிடம் வரைபடத்தைக் கேட்டு வாங்கிக் குசினி மேசையில் விரித்தார். மதிலை இடிக்கத் தேவையில்லை என்றார். கூரையின் பாரத்தை மதிலில் ஏற்றாமல், தள்ளி வேறு தூண் வைத்து, மதிலுக்கு மேலுள்ள இடைவெளியைக் கண்ணாடியால் அடைத்தால், மதிலே அறையின் நீட்டுச் சுவராக உள்ளுக்கு வந்துவிடும். குளிருக்கும் ஈரத்துக்கும் செய்ய வேண்டியதைத் தான் எழுதித் தருவதாகச் சொன்னார். புது வரைபடம் போட்டால் அதை ஆதரித்து எழுதுவதாகவும் சொன்னார். ஆனால் மீதிச் சீமெந்து முழுவதையும் உரிக்க வேண்டும். மெஷின் வைக்கக்கூடாது, உளியால், கையால். இடுக்குகளுக்குச் சுண்ணாம்புச் சாந்து. உள்பக்கத்தில் திரும்பவும் சீமெந்து பூசவே கூடாது. சீமெந்துதான் ஈரத்தை உள்ளே அடைத்து வைத்துக் கல்லைத் தின்றுகொண்டிருக்கிறது.

போகும்போது மதிலைத் திரும்பிப் பார்த்து ஒரு கதை சொன்னார். தன் ஊரில் மலைச்சரிவு முழுக்கக் கல் மதில்களாம். ஒரு துளி சாந்து கிடையாது, கல்லின்மேல் கல் அடுக்கினது மட்டும். காற்று உள்ளே புகுந்து வெளியே போகும், அதனால்தான் விழாமல் நிற்கின்றனவாம்.

நான் இதைத் தமிழாக்க வாயெடுத்தேன். அண்ணை அதற்குள் விறுக்கென்று உள்ளே போய்விட்டார்.

அவர்கள் போனதும் தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவுக்கு மட்டும் ஒரு யோசனை.

“படுக்கிற அறையில பூசாத சுவரோ தம்பி? பாக்கிறவை என்ன சொல்லுவினம்? பாதியில விட்டிட்டினம் எண்டல்லோ நினைப்பினம்.”

“அக்கா, உங்க வெள்ளைக்காரர் பூச்சை உரிக்கிறதுக்கு ஆள் பிடிக்கினம். நாங்கள் பூசுறதுக்கு ஆள் பிடிக்கிறம். ரெண்டு பக்கமும் எனக்கு வேலைதான்.”

“சரி, சுவர் எப்பிடியும் இருக்கட்டும். கக்கூசு கீழ வந்தாக் காணும்.”

“ஏலாது,” என்று ஒரு குரல். அண்ணை வாசலில் நின்றார். “அறை வேண்டாம். மகனிட்டப் போவம்.”

மூவரும் திரும்பினோம்.

“இஞ்சாருங்கோ, என்ன கதை இது?”

“நான் முறிஞ்சு பூசினது. அதை உரிச்சுப்போட்டு, உள்ள கிடக்கிற கல்லை ஊருக்குக் காட்டிக்கொண்டிருக்க என்னால ஏலாது.”

“இடிக்கிறம் எண்டேக்க உங்கட பூச்சு உங்களுக்கு நோகேல்லையோ?”

“இடிச்சா எல்லாம் சேர்ந்து போயிருக்கும். ஒருத்தருக்கும் ஒண்டும் தெரிஞ்சிராது. உரிச்சால் தெரியும்.”

“என்ன தெரியும்?”

அண்ணை என்னையும் தம்பியையும் பார்த்தார். நாங்கள் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

“உம்மட பெரியண்ணை என்ன சொன்னவர் எண்டு உமக்கு மறந்து போச்சு. எனக்கு மறக்கேல்லை.”

அண்ணையின் ஊர் நெடுந்தீவு, யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் கிடக்கும் தீவு. அங்கே வேலி என்றால் கடற்கல்லைப் பொறுக்கி, சாந்து இல்லாமல் அடுக்கி வைப்பதுதான். யாழ்ப்பாணத்துப் பெருநிலப் பக்கத்தவர்களுக்குத் தீவுக்காரர் என்றால் ஒரு இளக்காரம் இருந்தது. இருக்கவில்லை என்று நான் எழுதினால் பொய். அக்கா பெருநிலம். கலியாண வீட்டில் அக்காவின் பெரியண்ணை, பந்திக்கு நடுவில் நின்று, “எங்கட பிள்ளையைக் கல்லடுக்கிற ஊருக்குக் குடுக்கிறம், இனி வேலி விழுந்தா அவள்தான் அடுக்கவேணும்” என்றாராம். பந்தியே சிரித்ததாம்.

“இந்த வீட்டை வாங்கி ஒரு வருஷம் அந்த மதில் வெறுங்கல்லாத்தானே நிண்டது. சடங்குக்கு ரொறன்ரோவிலயிருந்து அவர் வாறார் எண்டதும்தான் எனக்குப் பத்திச்சுது. வந்து பாத்திட்டு, லண்டனுக்கு வந்தும் இவருக்குக் கல்லு வேலிதான் வாய்ச்சுது எண்டு சொல்லுவார். அதுதான் பூசினனான். கோடும் அடிச்சனான்.”

“எனக்குப் பிள்ளையின்ர படத்துக்கு வடிவா இருக்கும் எண்டல்லோ சொன்னனீங்கள்.”

“வேறென்ன சொல்லுறது?” அண்ணை பிறகு குரல் இறங்கிச் சொன்னார்: “அண்டைக்குப் பந்தியில நீரும் சிரிச்சனீர்.”

தம்பி தனக்கு மனப்பாடமான வரைபடத்தைப் புதிதாகப் படிக்கத் தொடங்கினார். நான் தேநீர்க் கோப்பைகளை அடுக்கினேன். அடுக்கினதைத் திரும்ப அடுக்கினேன். முப்பத்தெட்டு வருடம் ஒன்றாகக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கிடையில் இப்படி ஒன்று ஒரு மூலையில் கிடந்திருக்கிறது. சண்டையில்கூட வெளியே வரவில்லை.

அக்கா மறுப்பார் என்று நினைத்தேன். நான் சிரிக்கவில்லை என்றோ, சின்னப் பிள்ளைதானே அப்போது என்றோ.

“ஓம்,” என்றார். “சிரிச்சனான்.”

பிறகு கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“பிள்ளை, தோளைத் தா. என்ர ஃபோனையும் எடு.”

“எங்க போறீர் உந்தக் காலோட?” என்றார் அண்ணை.

குசினியிலிருந்து வளவுக்கு இரண்டு படி. என் தோளில் அக்காவின் முழுப் பாரமும் இறங்கியது. ஒரு படி, நின்று மூச்சு. அடுத்த படி. ஈரப் புல்லில் மெல்ல மெல்ல மதிலடிக்குப் போய், அதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பெரியண்ணைக்கு வீடியோ அழைப்பு எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். அங்கே, ரொறன்ரோவில், காலை. வெறும் மேலோடு, தலை கலைந்தபடி, ஒரு கிழவர் திரையில் வந்தார்.

“என்ன பிள்ளை, காலங்காத்தால? சுகமே?”

“சுகம் அண்ணை. என்ர புது அறையின்ர சுவரைக் காட்டத்தான் எடுத்தனான்.” அக்கா தொலைபேசியைக் கல்லின் பக்கம் திருப்பினார். “வடிவாப் பாருங்கோ.”

“எங்க? என்ன, வேலை பாதியில நிக்குதோ? பூசேல்லையே?”

“பூசினதை உரிக்கப்போறம். இது இவரின்ர ஊர் வேலி மாதிரி. இஞ்ச கவுன்சில் ஆக்கள் வந்து, தொட்டுப் பாத்து, கும்பிடாக் குறையா நிண்டிட்டுப் போகினம். இதுக்குப் பக்கத்திலதான் நான் இனிப் படுக்கப் போறன். அண்டைக்குப் பந்தியில நீங்கள் சொன்னதுக்கு நான் சிரிச்சிருக்கக்கூடாது. அதையும் சொல்லத்தான் எடுத்தனான்.”

“எந்தப் பந்தியில?” என்று கேட்டார் பெரியண்ணை. அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை.

அண்ணை எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அக்கா திரும்பிப் பார்க்காமலே தொலைபேசியை அவருடைய கையில் வைத்தார்.

“மச்சான்? என்ன நடக்குது அங்க?” என்றார் பெரியண்ணை.

அண்ணை திரையைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார்.

“ஒண்டுமில்லை மச்சான்,” என்றார். “மதிலை உரிக்கிறம்.”

அக்கா ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் விரல்களைச் சிவப்புக் கோட்டின் விளிம்பில், சீமெந்து மேலெழும்பி நின்ற இடத்தில் நுழைத்து இழுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வந்தது. அதைப் புல்லில் போட்டுவிட்டு, பக்கத்து வெள்ளைக் கோட்டில் கை வைத்தார்.